பதினேழாம் அடிக்குறிப்பு

பிரஸ்ஸல்ஸில் வெள்ளிக்கிழமை என்றால் விடிந்ததுமே அந்தத் தெருவில் சக்கரப் பெட்டிகளின் கடகடச் சத்தம் ஆரம்பித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இருபத்தேழு நாட்டு அதிகாரிகளும் அன்றைக்குப் பெட்டியோடுதான் அலுவலகம் வருவார்கள். மதியம் ஆனதும் பிள்ளைகுட்டி இருக்கிற ஊருக்கு விமானம் பிடித்துவிடுவார்கள். தார்மோவிடமும் அப்படி ஒரு பெட்டி உண்டு. அதில் அவன் கம்பளிப் போர்வைகளை மடித்து வைத்திருந்தான்.

எஸ்தோனியத் தூதுக்குழுவில் போக்குவரத்துச் சட்டங்களுக்கு அவன்தான் ஆள். வந்து ஏழு வருஷம் ஆயிற்று. வயது நாற்பத்தாறு. கல்யாணம் என்று ஒன்று நடந்து, சண்டை சச்சரவு இல்லாமல் நான்கே வருஷத்தில் முடிந்தும் போயிற்று. ஒருநாளாவது சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவள் போகும்போது சொன்னாளாம். அதற்கும் இவன் பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு மனிதன்.

ஊரில் அவனுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா, ஹெல்வி. தம்மலைட் என்கிற சின்னத் தீவில் தபால் வேன் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு போன் செய்வாள். கடிகாரம் வைத்துப் பார்த்தால் நான்கு நிமிடம்.

“இங்க மைனஸ் எட்டு. அங்க?”

“ப்ளஸ் ஆறு. மழை.”

“ரொட்டி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“பூஞ்சை பிடிக்க விட்டுடாத. சரி, வைக்கிறேன்.”

மாதம் ஒருமுறை அவள் அனுப்பும் கருப்பு ரொட்டியை மெல்லிசாக அறுத்து, வெண்ணெய் தடவி, உப்பு மீனை வைத்து, சமையலறையில் நின்றபடியே சாப்பிடுவான். உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை உண்டு. அதன் மேல் சட்ட வரைவுகள் அடுக்கியிருந்தன.

அந்த வரைவுகளில் ஒன்றில்தான் இப்போது அவன் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது. விஷயம் இதுதான்: இனிமேல் ஒன்றியத்தில் விற்கிற எந்தக் காரும், உள்ளே இருப்பவர் எல்லோரும் பெல்ட் போட்டால்தான் நகர வேண்டும். நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் எங்கள் எஸ்தோனியக் கடலில் பனிச்சாலை என்று ஒன்று இருக்கிறது. கடல் கெட்டியாக உறைந்ததும் அதன் மேலேயே வழி குறித்து, கொம்பு நட்டு, தீவுகளுக்கு வண்டி ஓட்டுவோம். அங்கே கரையைத் தாண்டும் இடத்தில் முதல் வேலை பெல்ட்டைக் கழற்றுவது. பனி உடைந்து வண்டி உள்ளே போனால், வெளியே வர அதிகம் போனால் ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் விறைத்த விரலால் பெல்ட்டோடு மல்லுக்கட்ட முடியாது.

அதனால் மூன்று வருஷம் முட்டி மோதி, தார்மோ ஓர் அடிக்குறிப்பு வாங்கியிருந்தான். பதினேழாம் அடிக்குறிப்பு. அரசு திறந்துவிட்ட பனிச்சாலையில் பெல்ட் இல்லாமல் ஓட்ட வண்டியில் ஒரு விசை வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை வரி. அது இல்லையென்றால் சாலையைத் திறக்கவே மாட்டோம் என்று எங்கள் சாலைத்துறை எழுதிக் கொடுத்துவிட்டது. ஹெல்வியின் பழைய வேன் வேறு கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புது வேன் வந்தால், ஒன்று பெல்ட் போட்டுக்கொண்டு பனியில் போக வேண்டும், அல்லது மூன்று மாதம் தீவு தனியே கிடக்க வேண்டும். ஹெல்வி எதைச் செய்வாள் என்பதில் தார்மோவுக்குச் சந்தேகமே இல்லை. அவள் போவாள்.

புதன்கிழமை மாலை கடைசி வரைவு வந்தது. சுழற்சி முறையில் அந்த ஆறு மாதத்துக்குக் கூட்டத்தை நடத்திய நாடு, வரைவைச் ‘சுத்தம்’ செய்திருந்தது. பதினாறாம் அடிக்குறிப்புக்குப் பிறகு வேறு ஏதோ ஒன்று பதினேழாக உட்கார்ந்திருந்தது. பனிச்சாலையைக் காணோம். கீழே ஒரு வரி: வெள்ளி 12.00 மணி வரை மௌனம்.

மௌனம் என்பது எங்கள் வட்டாரத்தில் ஒரு நடைமுறை. குறித்த நேரத்துக்குள் யாரும் வாயைத் திறக்காவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று வைத்துக்கொண்டு சட்டத்தை மேலே அனுப்பிவிடுவார்கள். ஒரே ஒரு நாடு ஒரே ஒரு வரி எழுதினால் போதும், மௌனம் கலைந்தது, மறுபடி கூடிப் பேசியாக வேண்டும். அந்த ஒரு வரியை எழுதத்தான் ஆள் கிடைக்காது. நாம் ஏன் கெட்ட பெயர் வாங்க வேண்டும், வேறு யாராவது எழுதட்டும் என்று இருபத்தேழு பேரும் காத்திருப்பார்கள்.

தலைநகரிலிருந்து வியாழக்கிழமை உத்தரவு வந்தது. அடிக்குறிப்பை மீட்க முயலவும். ஆனால் தனித்து நிற்க வேண்டாம்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை தார்மோ ஏழு வருஷத்தில் எத்தனை முறை படித்திருப்பான் என்று கணக்கே இல்லை. பதின்மூன்று லட்சம் பேர் இருக்கிற நாடு நாங்கள். முரண்டு பிடிக்கிற நாடு என்று ஒருமுறை பேர் வாங்கிவிட்டால், அப்புறம் நம் அவசரத்துக்கு ஒருவனும் வரமாட்டான். அதனால் துணைக்கு ஓர் ஆளாவது இருந்தால் எதிர்ப்போம், இல்லாவிட்டால் தலையாட்டிவிடுவோம். தனித்து நிற்காதே என்று தினமும் உத்தரவு வாங்குகிற மனிதன், சாயங்காலம் போய் நின்றுகொண்டே மீன் சாப்பிடுவான்.

வியாழன் மதியம் உணவுக்கூடத்தில் ஃபின்லாந்துக்காரன் பெர்த்துவைப் பிடித்தான். அவர்கள் நாட்டிலும் பனிச்சாலை உண்டு. பெர்த்து உருளைக்கிழங்கு வறுவலை மலைபோலக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பெர்த்து, பதினேழைப் பாத்தியா?”

“பாத்தேன். பாவிங்க, சத்தம் காட்டாம எடுத்துட்டாங்க.”

“நீங்க கலைச்சா நாங்க பின்னாடியே வருவோம்.”

“கலைச்சுடுவோம்ப்பா. எங்க ஊர்ல ஏரி மேல பஸ்ஸே போகுது. ஹெல்சின்கி ஓகே சொன்ன உடனே ஒரு வரி தட்டி விடறேன். பதினோரு மணிக்குள்ள.”

“கண்டிப்பா?”

“மௌன நடைமுறைன்னு ஒண்ணை வச்சுட்டு, அதுல வாயே திறக்காத ஃபின்லாந்துக்காரனையும் எஸ்தோனியாக்காரனையும் பேசச் சொல்றாங்க பாரு. வேற ஆளே கிடைக்கல இவங்களுக்கு.”

தார்மோ சிரித்தான். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தான். அன்று சாயங்காலம் மேஜையில் இருந்த காகிதங்களை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்கு பெர்த்துவின் போன் வந்தது.

“தார்மோ, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஹெல்சின்கி வேண்டாம்னுட்டாங்க. பேட்டரி சட்டத்துல நாங்க ஏற்கெனவே எல்லாரையும் பகைச்சுக்கிட்டோம், இதுலயும் வேண்டாமாம். அறிக்கையா எழுதி இணைச்சுட்டாப் போதுமாம்.”

“அறிக்கை எழுதினா கார் நகருமா பெர்த்து?”

“நகராது.”

“சரி.”

“திட்டிடேன்ப்பா. திட்டினாத் தேவலை.”

“பரவாயில்ல,” என்று போனை வைத்தான். திட்டுவதற்குக் கூட ஒரு பழக்கம் வேண்டும்.

ஸ்வீடனுக்கு எழுதினான். பதில் இல்லை. லாத்வியாவைக் கூப்பிட்டான். அந்தப் பெண் ஏற்கெனவே விமான நிலைய ரயிலில் இருந்தாள். “உங்க கடல் இப்பல்லாம் உறையறதே இல்லையே தார்மோ, எதுக்கு இவ்வளவு கவலைப்படறீங்க?” என்றாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். உறையாத கடலில் யாரும் சாவதில்லை. பாதி உறைந்த கடலில்தான் சாவார்கள். அதை அவளிடம் சொல்வதற்குள் ரயில் சுரங்கத்துக்குள் போய்விட்டது.

பதினொன்று அடித்து நான்கு நிமிடம். தலைநகர் தல்லினிலிருந்து மால்லே கூப்பிட்டாள். அமைச்சகத்தில் அவனுக்கு மேலே இருப்பவள், இந்தப் பதவிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது.

“என்ன தார்மோ, முடிஞ்சுதா?”

“எது?”

“மௌனம். பன்னிரண்டு தாண்டி நாலு நிமிஷம் ஆச்சே. யாரும் கலைக்கல இல்ல?”

தார்மோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று நாலு. எங்கள் ஊர் கடிகாரம் பிரஸ்ஸல்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். தல்லினில் இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது. அறிவிப்பில் இருக்கும் மணி பிரஸ்ஸல்ஸ் மணி என்பதை மறந்துவிடுவார்கள். பழைய ஆட்கள் சொல்லிச் சிரித்துத் திருத்துவார்கள். அவனே பத்துப் பேரையாவது திருத்தியிருக்கிறான்.

“இதுவரைக்கும் யாரும் கலைக்கல,” என்றான்.

“நல்லவேளை. ஃபின்லாந்தும் விட்டுடுச்சாமே. நாம மட்டும் தனியாப் போய் நின்னிருந்தா அசிங்கமாப் போயிருக்கும். வருத்தம்தான், என்ன பண்றது. வீட்டுக்குப் போங்க, வார இறுதி நல்லா இருக்கட்டும்.”

போன் வைக்கப்பட்டது. இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. அந்த ஐம்பத்தைந்து நிமிடமும் அவன் நாட்டைப் பொறுத்தவரை முடிந்துபோனது. யாரும் அவனைக் கவனிக்கவில்லை. தாழ்வாரத்தில் கடைசிப் பெட்டியும் உருண்டு போய் லிஃப்டுக்குள் அடங்கியது.

அவன் மின்னஞ்சலைத் திறந்து, முகவரிகள் இருபத்தாறையும் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பதினோரு வயதில் ஒரு மார்ச் மாதம். தார்மோ கரையில் விடுதியில் தங்கிப் படித்தான். சனிக்கிழமைதோறும் அப்பா கால்யு பழைய ழிகுலி காரில் பனி மேல் வந்து கூட்டிப்போவார். அந்த வாரம் பள்ளிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து சாலைப் பாதுகாப்புப் பாடம் எடுத்து, சட்டையில் குத்திக்கொள்ளத் தகரச் சின்னம் ஒன்றும் கொடுத்திருந்தார். பையன் பின் சீட்டில் ஏறினான். பின் சீட்டுக்கு அந்தக் காரில் பெல்ட் கிடையாது. முன்னால் குனிந்து, “அப்பா, பெல்ட் போடுங்க,” என்றான். அப்பா சிரித்தார். விடவில்லை அவன். “சரிங்க போலீஸ்கார ஐயா,” என்று இழுத்து மாட்டினார். ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்டது.

கரையில் அதைக் கழற்றினாரா என்று தார்மோவுக்கு ஞாபகம் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக யோசிக்கிறான். மாட்டிய சத்தம் காதில் இருக்கிறது. கழற்றிய சத்தம் இல்லை. நடுக்கடலில் முன் சக்கரம் சரிந்ததும், கதவைத் தள்ளிக்கொண்டு அவன் பனி மேல் விழுந்ததும், திரும்பிப் பார்த்தபோது கருப்பாகத் தண்ணீர் மட்டும் இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்பா வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்று அந்த வயதிலேயே முடிவு செய்துவிட்டான். அம்மா இறக்கும்வரை அவளிடம் சொல்லவில்லை. கட்டியவளிடம் சொல்லவில்லை. ஹெல்வியிடம் சொல்ல நான்கு நிமிடம் போதாது.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு எழுதினான்: “எஸ்தோனியா மௌனத்தைக் கலைக்கிறது. காரணம், பதினேழாம் அடிக்குறிப்பு.” அனுப்பினான். பயம்தான். வேலை போய்விடும் என்ற பயம். ஆனால் அதோடு சேர்ந்து நெஞ்சில் ஏதோ இறுக்கம் தளர்ந்த மாதிரியும் இருந்தது.

பன்னிரண்டு மூன்றுக்குக் கூட்டத் தலைவர் எல்லோருக்கும் எழுதினார். எஸ்தோனியா மௌனத்தைக் கலைத்துவிட்டது, செவ்வாய் காலை கூட்டம். பன்னிரண்டரைக்கு மால்லே.

“என்ன பண்ணி வச்சிருக்கீங்க தார்மோ?”

“நேரம் இருந்துச்சு. பிரஸ்ஸல்ஸ் நேரம்.”

மறுமுனையில் மால்லே மணியைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லல.”

“சொல்லல.”

“நான் புதுசு. என்னை முட்டாளாக்கிட்டீங்க.”

“மன்னிச்சுக்கோங்க. அதுக்காகச் செய்யல.”

“வேற எதுக்காக?”

அவன் திரையில் தான் அனுப்பிய வரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மால்லே பெருமூச்சு விட்டாள். “செவ்வாய்க்கிழமை வேற ஒரு நாடாவது உங்க கூட நிக்கணும். ஒண்ணே ஒண்ணு. இல்லைன்னா அங்கேயே எதிர்ப்பை வாபஸ் வாங்கிடுங்க. இது உத்தரவு. அப்புறம், இந்தக் கோடையோட உங்க பதவிக்காலம் முடியுது. நீட்டிக்கச் சொல்லி நான் எழுதப் போறதில்ல.”

“சரி.”

சனி முழுக்க மழை. ஞாயிறு பத்து மணிக்கு ஹெல்வி. மைனஸ் பதினொன்றாம், பனி இருபது சென்டிமீட்டர் தாண்டிவிட்டதாம், இன்னும் இரண்டு வாரத்தில் சாலை திறப்பார்களாம். “உன் அடிக்குறிப்பு என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “பேசிட்டிருக்காங்க,” என்றான். “ஓ,” என்றாள். நான்கு நிமிடம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெரிய வட்ட மேஜையைச் சுற்றி இருபத்தேழு பேர். ஒவ்வொருவர் முன்னாலும் நாட்டின் பெயர் எழுதிய நீளப் பலகை படுத்துக் கிடக்கும். பேச வேண்டும் என்றால் அதைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் மொழிபெயர்ப்பாளர்கள். எஸ்தோனிய மொழிக்கும் ஒரு கூண்டு உண்டு. ஏழு வருஷமாக தார்மோ அதற்கு வேலையே வைத்ததில்லை. ஆங்கிலத்திலேயே மென்று விழுங்கிப் பேசிவிடுவான்: “புவியியல் ரீதியான எமது தனித்தன்மைகளை நினைவூட்ட விழைகிறோம்.” அப்படிப் பேசினால் யார் கேட்பார்கள். போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள்.

“எஸ்தோனியா,” என்றார் கூட்டத் தலைவர். குரலில் எரிச்சல். அவருடைய ஆறு மாதத்தில் இது ஒன்றுதான் நிலுவை. “உங்களுக்காகத்தான் கூடியிருக்கோம். சொல்லுங்க.”

தார்மோ ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தான். அதைத் திருப்பி வைத்தான். பிறகு தன் சொந்த மொழியில் ஆரம்பித்தான். நான்கைந்து பேர் அவசரமாகக் காதுக்கருவியைத் தேடினார்கள்.

“என் தீவு பேரு தம்மலைட். எனக்குப் பதினோரு வயசுல, பனி மேல கார்ல போறப்ப, எங்கப்பாவைப் பெல்ட் போடச் சொன்னேன். ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அவர் என் சந்தோஷத்துக்காகப் போட்டார். பனி உடைஞ்சுது. நான் பின்னாடி பெல்ட் இல்லாம இருந்தேன், வெளிய வந்துட்டேன். அவர் வரல.”

கண்ணாடிக்குப் பின்னால், எஸ்தோனியக் கூண்டில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண்ணின் குரல் நின்றுபோனது. காதுக்கருவி போட்டிருந்தவர்கள் எல்லோரும் கூண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நொடி. பிறகு அவள் தொண்டையைச் செருமி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

“இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் அக்கா இன்னைக்கும் அதே வழியில வேன் ஓட்டறாங்க. அந்த ஒன்றரை வரியைத் திருப்பிக் கொடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

அவ்வளவுதான் பேசினான். மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ஒரு பலகையும் நிமிரவில்லை. கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன் என்ற வாக்கியம் தார்மோவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது மரம் மரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. பெர்த்து பலகையை நிமிர்த்திவிட்டான். முகம் சிவந்திருந்தது.

“ஃபின்லாந்து எஸ்தோனியா பக்கம். தலைநகர்ல என்ன சொல்வாங்கன்னு நான் பாத்துக்கறேன்.”

அடுத்து ஸ்வீடன். லாத்வியாப் பெண் மௌனமாகப் பலகையை நிமிர்த்தினாள். நான்காவதாக, யாரும் எதிர்பார்க்காத மால்டாக்காரர், தொந்தியும் தொப்பையுமான வயசான மனிதர்.

“எங்க ஊர்ல பனிக்கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ள மட்டும்தான் இருக்கு. ஆனா கடலுக்குப் போன ஆள் திரும்பி வரலைன்னா வீடு எப்படி இருக்கும்னு எங்களுக்குத் தெரியும். அந்த வரியைப் போட்டுருங்க, தலைவரே. எல்லாரும் சாப்பிடப் போகலாம்.”

போட்டுவிட்டார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருஷம் முட்டிய கதவு.

வெளியே தாழ்வாரத்தில் நரைத்த முடியோடு ஒரு பெண் அவனுக்காகக் காத்திருந்தாள். குரலை வைத்துத்தான் தெரிந்தது, கூண்டில் இருந்தவள். “ஒரு இடத்துல நின்னுட்டேன். முப்பது வருஷ வேலையில இப்படி ஆனதில்ல. மன்னிக்கணும்,” என்று எஸ்தோனிய மொழியில் சொன்னாள். தார்மோ தலையை மட்டும் ஆட்டினான். ஒரு காபி குடிக்கலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்பதற்குள் அவளை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று மாலை அந்தப் பெரிய நகரத்தில், அவன் அப்பா எப்படி இறந்தார் என்று தெரிந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர் வீட்டு வாசல்கூட அவனுக்குத் தெரியாது.

மூடிய அறையில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது விதி. போகாமல் இருந்ததும் கிடையாது. சனிக்கிழமை காலை போன் அடித்தது. ஹெல்வி. ஞாயிறு இல்லாத நாளில் அவள் கடைசியாகக் கூப்பிட்டது அம்மா போனபோது.

“டேய், பேப்பர்ல போட்டிருக்கான்.”

“என் பேர் போட்டிருக்கானா?”

“பேர் எதுக்குடா? தம்மலைட்னு போட்டிருக்கான். பனியில அப்பாவை விட்டவன், பிரஸ்ஸல்ஸ்ல உத்தியோகம் பாக்கறவன், எத்தனை பேர் இருக்கான் இந்தத் தீவுல? ரொட்டிக் கடையில எனக்கு முன்னாடியே எல்லாரும் படிச்சிருக்காங்க. இருபத்தாறு நாட்டுக்காரன்கிட்டச் சொல்லியிருக்கே. எனக்குச் சொல்லல.”

“அக்கா…”

“முப்பத்தஞ்சு வருஷமா இதையா வச்சுட்டு இருந்தே? நீ பெல்ட் போடச் சொன்னதாலதான் அப்பா போனார்னா?”

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஹெல்வி அழுது அவன் கேட்டதே இல்லை.

“பெல்ட் கழண்டுதான்டா இருந்துச்சு,” என்றாள். “மூணாம் நாள் முங்கறவங்க காரை எடுத்தாங்க. அம்மா வரல, நான்தான் போய்ப் பாத்தேன். எனக்குப் பத்தொம்பது வயசு. பெல்ட் சும்மா தொங்கிட்டிருந்துச்சு. கரையிலயே கழட்டியிருப்பார், எப்பவும்போல. அப்பா முன் சீட்லயே இல்லடா.”

“என்ன சொல்றே?”

“பின் சீட்ல இருந்தார். உன் ஸ்கூல் பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்தார். தண்ணிக்குள்ள இருட்டுல, அதை நீன்னு நினைச்சுட்டார்.”

தார்மோ சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏன் என்கிட்டச் சொல்லல?” என்று கேட்டான்.

“பதினோரு வயசுப் பையன்கிட்ட, உன்னைத் தேடித்தான் அப்பா செத்தார்னு சொல்லவா? அம்மா என் கையில சத்தியம் வாங்கிட்டா. அப்புறம் நீ வளந்தே. ஒரு தடவைகூட அதைப் பத்தி நீ கேக்கல. கேக்காததனால, உனக்கு அது வேண்டாம்னு எடுத்துக்கிட்டேன். நீயும் பேசல, நானும் பேசல. அப்படியே போயிடுச்சுடா.”

அன்று அவர்கள் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று அவன் பார்க்கவில்லை. பேசியதைவிட, போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் அதிகம்.

திங்களன்று கூட்டக் குறிப்பின் வரைவு வந்தது. மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தி: “எஸ்தோனியப் பிரதிநிதி, பெல்ட் அணிந்திருந்ததால் தம் தந்தை உயிரிழந்த நிகழ்வை எடுத்துரைத்தார்.” கீழே வழக்கமான வரி. திருத்தம் உள்ளவர்கள் தெரிவிக்கவும். வியாழன் 12.00 மணி வரை மௌனம்.

தப்பான தகவல் அது. ஒன்றியத்தின் ஏட்டில் என்றென்றைக்கும் கிடக்கப்போகிற தகவல். ஏழு வருஷமாகக் கூட்டக் குறிப்புகளில் காற்புள்ளி இடம் மாறினால்கூட எழுதித் திருத்தியவன் தார்மோ. அவன் பெயரைச் சொல்லி மற்ற நாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். திங்கள் மாலை “திருத்தம்” என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தான். பின் சீட்டு, பை என்று எழுதியதும் விரல் நின்றுவிட்டது. செவ்வாய் எடுத்துப் பார்த்தான். புதன் எடுத்துப் பார்த்தான். பனியில் பெல்ட் போட்டால் சாவு என்பது பொய்யில்லை, அடிக்குறிப்பு நியாயமான அடிக்குறிப்புதான். அதற்கு வேண்டியதை அவன் ஒன்றியத்துக்குக் கொடுத்துவிட்டான். அப்பா இருட்டில் துழாவிய கையை அந்த மேஜை மேல் எடுத்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வியாழன் காலை அந்த வரைவை அழித்தான்.

பன்னிரண்டு மணி ஆயிற்று. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஒன்று. யாரும் கலைக்கவில்லை. போனை எடுத்தான்.

“அக்கா.”

“இன்னைக்கு வியாழக்கிழமைதானே. என்னடா ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. அந்தப் பை என்ன நிறம்? யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல.”

“நீலம். ஒரு பக்கத்து வார் அறுந்திருக்கும். அவர் கையிலேர்ந்து எடுக்க முடியலன்னு முங்கறவங்க அறுத்துட்டாங்க.”

“இப்ப எங்க இருக்கு?”

“என்கிட்டத்தான். ஷெட்ல மேல் தட்டுல வச்சிருக்கேன். உள்ள உன் கணக்கு நோட்டு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. சனிக்கிழமை ரோடு திறக்கறாங்க. வேனுல உன்னை ஏத்திக்கறேன், வர்றியா?”

“வர்றேன்,” என்றான்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த போர்வைகளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான். மறுநாள் காலை மற்றவர்களோடு அவன் பெட்டியும் அந்தத் தெருவில் கடகடவென்று உருண்டு போயிற்று.